இரண்டு கொள்ளளவுகள்: ஹைதராபாத்தின் ஏரிகளும் இடிபாடுகளும்

2025 பிப்ரவரியில் ஹைதராபாத்தின் அம்பர்பேட்டில் ‘பதுகம்ம குண்ட’ என்னும் இடத்தை மண்வாரி எந்திரங்களைக் கொண்டு தோண்டத் தொடங்கினார்கள். தெலுங்கில் ‘குண்ட’ என்றால் குட்டை. ஆனால் அப்போது அங்கே நீர் இல்லை. பல்லாண்டுகளாகக் கொட்டப்பட்ட கட்டட இடிபாடும் குப்பையும் மேடிட்டு, புதர் மண்டிய நிலமாகவே அது கிடந்தது. சில அடிகள் தோண்டியதுமே நீர் ஊறி வெளிப்பட்டது. 1962-63ஆம் ஆண்டின் நில அளவை ஆவணங்களின்படி இக்குட்டையின் பரப்பு 14 ஏக்கர் 6 குண்டா. தோண்டப்பட்டபோது மிஞ்சியிருந்தது 5 ஏக்கர் 15 குண்டா. (நாளிதழ்கள் இவற்றை ‘14.06’, ‘5.15’ என்று அச்சிடுகின்றன. புள்ளிக்குப் பின் வருவது தசமமன்று, குண்டா. 40 குண்டா சேர்ந்தால் ஓர் ஏக்கர். தெலங்கானாவின் நில ஆவணங்களைப் புதிதாகப் படிக்கும் மாணவர்கள் பெரும்பாலும் இடறும் இடம் இது.)

தமிழில் ‘கொள்ளளவு’ என்ற சொல்லை ஏரிக்கும் பயன்படுத்துகிறோம், குப்பைக் கிடங்குக்கும் பயன்படுத்துகிறோம். ஒன்று எவ்வளவு நீர் கொள்ளும் என்பது; மற்றொன்று எவ்வளவு கழிவு கொள்ளும் என்பது. நகர நிர்வாகத்தில் இவ்விரண்டும் வெவ்வேறு துறைகளில், வெவ்வேறு கோப்புகளில் இருக்கின்றன. நீர்ப்பாசனத் துறையின் பொறியாளர் மாநகராட்சியின் கழிவுக் கணக்கைப் பார்ப்பதில்லை. கழிவுப் பிரிவின் அலுவலர் ஏரியின் முழு நீர்மட்ட வரைபடத்தைப் பார்ப்பதில்லை. ஹைதராபாத்தின் கடந்த நூறாண்டு வரலாற்றைப் படிக்கும்போது எனக்குத் தோன்றுவது, இவை இரண்டும் ஒரே பேரேட்டின் பற்றும் வரவும் என்பதே. கட்டட இடிபாட்டை எங்கே கொட்டுவது என்ற கேள்விக்கு இந்நகரம் கண்ட விடை, பெரும்பகுதி, ஏரியின் கொள்ளளவிலிருந்து கழித்து எடுக்கப்பட்டது. அதைக் கணக்கில் சேர்க்காமல் ‘நாளொன்றுக்கு இத்தனை டன் கழிவு, இத்தனை டன் ஆலைத் திறன்’ என்று எழுதும் அறிக்கைகள் பாதிக் கணக்கையே காட்டுகின்றன.

முதலில் ஒரு பழைய கேள்வி. சிமெண்டுக்கு முந்தைய ஹைதராபாத்தில் இடிபாடு என்னவாயிற்று?

1591இல் முகம்மது குலி குதுப் ஷா எழுப்பிய நகரம் கருங்கல்லாலும் சுண்ணாம்புக் காரையாலும் ஆனது. கல்லுக்குக் குறைவே இல்லை. சுமார் 250 கோடி ஆண்டு பழமையான தக்காணத்துக் கருங்கற் பாறைகளின் மீதே நகரம் அமர்ந்திருக்கிறது. எளிய மக்களின் வீடுகள் மண்சுவரும் மரச்சட்டமும் ஓடும் கொண்டவை. இவற்றில் எதை இடித்தாலும் அது அடுத்த கட்டடத்துக்குள் போய்விடும். செதுக்கிய கல் மறுபடியும் கல்லாகும். மண்சுவர் மழையில் கரைந்து மண்ணாகும். மரம் இன்னொரு கூரைக்குப் போகும். உடைந்த செங்கல்லை இடித்துத் தூளாக்கிச் சுண்ணாம்புடன் சேர்த்தால் அதுவே ‘சுர்க்கி’ என்னும் காரைப்பொருள். நீர்நிலைக் கட்டுமானங்களில் மணலைவிடச் சுர்க்கியே சிறந்தது என்று கருதிய காலமும் இருந்தது. அதாவது ஒரு கட்டடத்தின் உடைசல் இன்னொரு கட்டடத்தின் மூலப்பொருள். இடிபாடு என்ற பொருள் அப்போதும் இருந்தது. இடிபாட்டுக் கழிவு என்ற வகைமை இல்லை. உருதுவில் ‘மல்பா’ என்றும் சென்னைக் கொத்தனார்களின் பேச்சில் ‘ரப்பீஸ்’ என்றும் வழங்குவது அந்த வகைமைதான். இரண்டாவது சொல்லின் ஆங்கில வேரே அதன் வயதை ஓரளவு சொல்லிவிடுகிறது.

மண் எத்திசையில் நகர்ந்தது என்பதும் கவனிக்கத்தக்கது. காகதியர் காலம் தொட்டுத் தெலங்கானாவில் ஏரியிலிருந்து மண் வெளியேதான் சென்றது. வண்டலைத் தூர்வாரி வயலில் இட்டார்கள், கரையை உயர்த்தினார்கள். உத்தரமேரூர்க் கல்வெட்டில் ஏரி வாரியத்தைப் படித்த தமிழ் மாணவருக்கு இது புதிதல்ல. தக்காணத்தில் ஏரி வெட்டுவதையும் கல் உடைப்பதையும் தொழிலாகக் கொண்டிருந்தவர்கள் வட்டெர சமூகத்தார். ஒரே கைகள் பாறையிலிருந்து கல்லையும் ஏரியிலிருந்து மண்ணையும் எடுத்தன. ஏரிக்குள் மண்ணைக் கொண்டுபோய்க் கொட்டுவது என்பது இந்த வேளாண் பொருளாதாரத்தில் அறிவுக்குப் பொருந்தாத செயல்.

இந்த ஒழுங்கு குலைந்த கதையை 1908இலிருந்து தொடங்கவேண்டும். அந்த ஆண்டு செப்டம்பர் 28 அன்று மூசி ஆறு பெருக்கெடுத்து நகரத்துக்குள் புகுந்தது. இறந்தோர் சுமார் 15,000 பேர் என்றும் அழிந்த வீடுகள் சுமார் 19,000 என்றும் பொதுவாகச் சொல்லப்படுகிறது. மறுவாண்டு நிஜாம் அரசின் அழைப்பில் வந்த விசுவேசுவரய்யா ஆற்றின் நீர்ப்பிடிப்புப் பகுதியை ஆராய்ந்தபோது, அங்கே இருந்த 788 ஏரிகளில் 221 உடைந்துபோயிருந்ததைக் கண்டார். மேலே ஒன்று உடைந்து கீழே உள்ளதன் மேல் விழ, அது தாங்காமல் உடைய, சங்கிலித் தொடர்போல நீர் திரண்டு வந்திருக்கிறது. அவர் முன்வைத்த தீர்வு, நகரத்துக்கு மேலே இரு பெரும் நீர்த்தேக்கங்கள். உஸ்மான் சாகர் 1920இலும் ஹிமாயத் சாகர் 1927இலும் நிறைவுற்றன.

இத்தீர்வின் பொறியியல் சிறப்பை மறுப்பதற்கில்லை. நகரம் பல பத்தாண்டுகள் அதனால் காக்கப்பட்டது, குடிநீரும் பெற்றது. பெஞ்சமின் கோஹன் 2011இல் எழுதிய கட்டுரை இந்த வெள்ளத்தை ஹைதராபாத்தின் நவீனமயமாக்கத்தோடு இணைத்துப் பேசுகிறது, படிக்கவேண்டிய ஒன்று. ஆனால் அதன் மறுபக்கம் அதிகம் பேசப்படவில்லை என்பது என் எண்ணம். நகரத்தின் நீர் இரண்டு பெரும் தேக்கங்களிலிருந்து குழாயில் வரத் தொடங்கியதும், நகரத்துக்குள்ளும் அதன் விளிம்பிலும் இருந்த நூற்றுக்கணக்கான சிற்றேரிகள் தங்கள் காவலர்களை இழந்தன. கரையைப் பார்ப்பவர் இல்லை. மதகைத் திறப்பவர் இல்லை. ஆயக்கட்டு மெல்ல மனைகளாக மாறியது. பாசனம் போன பிறகு ஏரி என்பது அரசு ஏட்டில் ஓர் எண், கண்ணுக்கு ஒரு பள்ளம். நகரத்தில் பள்ளத்துக்கு ஒரு பயன் உண்டு.

1912இல் அமைக்கப்பட்ட நகர மேம்பாட்டு வாரியத்தையும் இங்கே குறிப்பிடவேண்டும். வெள்ளமும் அதையொட்டி வந்த பிளேக்கும் அதற்குக் காரணங்கள். நெரிசலான குடியிருப்புகளை இடித்து அகன்ற சாலைகளையும் காற்றோட்டமான வீடுகளையும் அமைப்பது வாரியத்தின் பணி. உயர்நீதிமன்றமும் உஸ்மானியா மருத்துவமனையும் எழுந்த மூசியின் கரைகள் இக்காலத்தில்தான் ஒழுங்கு செய்யப்பட்டன. இடிப்பது என்பது ஓர் அரசு நிறுவனத்தின் தொடர்ச்சியான, திட்டமிட்ட வேலையாக ஹைதராபாத்தில் மாறியது அப்போதுதான். ஆனால் அப்போது இடிக்கப்பட்டவை இன்னும் மண்ணும் சுண்ணாம்புமே.

பொருள் மாறியது அதற்குப் பின். 1920களில் நிஜாம் ஆட்சிப்பகுதியிலேயே, இன்று கர்நாடகத்தில் உள்ள ஷாபாதில், சிமெண்ட் ஆலை இயங்கத் தொடங்கியது. ஹைதராபாத் வீடுகளின் தரைகளில் இன்றும் காணும் ஷாபாத் கல்லின் அதே சுண்ணாம்புப் பாறை வளம் சிமெண்டுக்கும் அடிப்படையாயிற்று. சிமெண்டுக் காரையை உடைத்தால் கல்லும் செங்கல்லும் முழுதாகப் பிரிவதில்லை, ஒட்டியபடியே உடைகின்றன. கம்பியிட்ட கான்கிரீட்டில் இரும்பை மட்டும் பழைய இரும்புக் கடைக்காரர் உடனே எடுத்துக்கொள்வார். மரக்கதவும் சன்னலும் விற்பனைக்குப் போகும். எஞ்சும் கட்டிகளை வாங்க ஆளில்லை. கழிவு என்ற வகைமை இவ்வாறு பிறக்கிறது. என்னைப் பொறுத்தவரை இது பொருளின் வேதியியலோடு முடியும் கதையன்று. அந்தக் கட்டிகளுக்கும் ஒரு வாங்குநர் கிடைத்தார் என்பதுதான் ஹைதராபாத்தின் தனி வரலாறு.

அந்த வாங்குநரைப் புரிந்துகொள்ள ‘ஷிக்கம்’ என்ற வருவாய்த் துறைச் சொல்லைத் தெரிந்துகொள்ளவேண்டும். பாரசீகத்தில் ஷிக்கம் என்றால் வயிறு. ஏரியின் வயிற்றுப்பகுதி, அதாவது முழு நீர்மட்டத்துக்குள் அடங்கும் நிலம். இதில் ஒரு பகுதி அரசுடையது. ஒரு பகுதி தனியார் பட்டா. நீர் வற்றும் காலத்தில் பட்டாதாரர் பயிரிட்டுக்கொள்ளலாம். நீர் வரும்போது விலகிக்கொள்ளவேண்டும். ஆண்டின் ஒரு பகுதி நிலமாகவும் மறுபகுதி நீராகவும் இருக்கும் ஓரிடத்துக்கு நிஜாம் கால வருவாய் முறை கண்டுபிடித்த நுட்பமான ஏற்பாடு இது. உழவு இருந்தவரை இது செல்லுபடியானது. மனை விலை ஏறத் தொடங்கியதும் இந்த இருநிலைத் தன்மையே வினையாயிற்று.

முழு நீர்மட்டம் என்பது கலிங்கின் உச்சி மட்டத்தைக் கொண்டு வரையப்படும் ஒரு கோடு. அந்த மட்டத்துக்குக் கீழே உள்ள தரையில் நீர் நிற்கும். மேலே உள்ள தரையில் நிற்காது. ஆகவே ஷிக்கம் நிலத்தை மனையாக்க விரும்புபவர் செய்யவேண்டியது இரண்டில் ஒன்று. கலிங்கை உடைத்து மட்டத்தைத் தாழ்த்தலாம். அது அகப்பட்டுக்கொள்ளக்கூடிய குற்றம். அல்லது தரையை உயர்த்தலாம். இரவில் வரும் டிப்பர் லாரிகள் கொட்டிச் செல்லும் இடிபாடு அதைச் சத்தமின்றிச் செய்கிறது. மூன்று, நான்கு மழைக்காலங்கள் கழிந்தபின் வரும் அளவையாளரின் கண்ணுக்கு அங்கே இருப்பது காய்ந்த தரை. வரைபடத்தில் நீலம், நேரில் மேடு. வழக்கு நீதிமன்றத்துக்குப் போகும். அதற்குள் மேட்டின் மேல் அடுக்குமாடி எழும்பியிருக்கும்.

இதில் பொருளியல் மிக எளிமையானது. வீட்டை இடிப்பவர் இடிபாட்டை அகற்ற லாரிக்காரருக்குப் பணம் தருகிறார். ஏரிப்படுகையில் நிலம் வைத்திருப்பவருக்கு நிரப்புப்பொருள் தேவை. இல்லாவிட்டால் அவர் மொரம் விலைக்கு வாங்கவேண்டும். லாரிக்காரர் இரு முனையிலும் பயன்படுகிறார். நகரக் கழிவுகளில் வேறெதற்கும் இப்படிச் சேருமிடத்தில் மதிப்பு இருப்பதில்லை. அழுகும் குப்பையை யாரும் தன் நிலத்தில் வரவேற்பதில்லை. கட்டுமானக் கழிவு மேலாண்மையைப் பற்றிய விவாதங்கள் பொதுமக்களின் விழிப்புணர்வின்மையைக் குறைசொல்லித் தொடங்குவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வியப்பாக இருக்கும். இந்த வணிகத்தில் ஈடுபட்டவர்கள் அனைவரும் மிகுந்த விழிப்புணர்வுடையவர்கள்.

நகரத்தின் இடப்பெயர்களிலேயே இதன் தடயங்கள் கிடக்கின்றன. மாசாப் டேங்க் என்று இன்று வழங்குவது, குதுப் ஷாஹி அரசகுலத்தின் ஹயாத் பக்‌ஷி பேகமை மக்கள் ‘மா சாஹிபா’ என்று அழைத்ததன் நினைவான ஏரி. இன்று அங்கே ஏரி இல்லை, சந்திப்பும் பூங்காவும் மேம்பாலமும் இருக்கின்றன. பழைய நகரின் தலாப் கட்டாவில் ‘கட்டா’ மிஞ்சியிருக்கிறது, ‘தலாப்’ மறைந்துவிட்டது. மீர் ஜும்லா ஏரியின் கரை அது. தனியாரை மட்டும் குற்றஞ்சாட்டுவதும் நேர்மையாகாது. 1562இல் கட்டிமுடிக்கப்பட்டதாகக் கருதப்படும் ஹுசைன் சாகரின் விளிம்பில் 1990களில் பூங்காக்களும் நெக்லஸ் சாலையும் எழுந்தன. அவற்றுக்காக ஏரியின் ஓரப்பகுதிகளை நிரப்பியது அரசுதான். நிரப்பினால் நிலமாகும் என்ற பாடத்தை நகரத்தின் நடுவில், எல்லோரும் காணும்படி நடத்திக்காட்டியபின், விளிம்புகளில் அதைப் பின்பற்றியவர்களைத் தடுக்க எந்த அறத்தை அரசு எடுத்துக்காட்டும்?

2000 ஆகஸ்ட் 24 அன்று ஒரே நாளில் சுமார் 24 சென்டிமீட்டர் மழை பெய்து நகரம் மூழ்கியது. அதன்பின் அமைந்த கிர்லோஸ்கர் ஆலோசகர்களின் அறிக்கை நாலாக்களை அகலப்படுத்தவும் ஆக்கிரமிப்புகளை அகற்றவும் பரிந்துரைத்தது. அறிக்கை 2003இல் வந்தது. மூன்றாண்டுகளுக்குப் பின், 2006 மார்ச்சில், அரசாணை 86 வந்தது. தளப்பரப்புக் குறியீட்டின் உச்சவரம்பை அது நீக்கியது. சாலையின் அகலமும் கட்டடத்தைச் சுற்றி விடவேண்டிய இடைவெளியுமே உயரத்தைத் தீர்மானிக்கும். இந்தியப் பெருநகரங்களில் இது அரிய விதி. பழைய குடியிருப்புகளின் தனி வீடுகள் ஒவ்வொன்றாக இடிந்து ஐந்து தள அடுக்குமாடிகளாயின. மேற்கே கச்சிபௌலியிலும் கோகாபேட்டிலும் கோபுரங்கள் எழுந்தன. கட்டடக் கொள்கையை எழுதியவர்கள் இடிபாட்டின் அளவை அதில் ஒரு காரணியாக எண்ணியதாக எந்த அறிகுறியும் அவ்வாணையில் இல்லை.

2007 ஏப்ரலில் பெருநகர மாநகராட்சி உருவானது. பழைய மாநகராட்சியோடு 12 நகராட்சிகளும் 8 ஊராட்சிகளும் இணைக்கப்பட்டன. நகரத்தின் வீட்டுக் குப்பை அதற்கு முன்பே ஆட்டோநகர்க் கிடங்கிலிருந்து வடகிழக்கே ஜவஹர்நகருக்குத் திசைமாறியிருந்தது. முன்னாள் படைவீரர்களின் குடியேற்றத்துக்கென ஒதுக்கப்பட்ட பகுதி அது. கிடங்கின் பரப்பு சுமார் 350 ஏக்கர். 2009இல் அதை நடத்தும் பொறுப்பு ராம்கி நிறுவனத்துக்கு ஒப்பந்தத்தில் தரப்பட்டது. அங்கே குவிந்த சுமார் 1.2 கோடி டன் பழைய குப்பை மண்ணும் உறையும் கொண்டு மூடப்பட்டது. 2020இல் குப்பையிலிருந்து மின்சாரம் எடுக்கும் ஆலை இயங்கத் தொடங்கியது. மழைநீர் ஊடுருவி வடிந்த கருநிறக் கசிவு கீழே உள்ள மல்காரம் ஏரியில் சேர்ந்ததைத் தெலங்கானாவின் சுற்றுச்சூழல் இயக்கங்கள் நீண்டகாலம் எடுத்துச்சொல்லி வந்தன. முறைப்படியான கிடங்கும் ஓர் ஏரியின் கணக்கிலேயே இயங்கியது என்பதைச் சேர்த்துப் பார்க்கவேண்டும்.

ஜவஹர்நகரின் கதை நன்கு எழுதப்பட்டிருக்கிறது, காரணம் அது நாற்றமடிக்கிறது. இடிபாடு நாறுவதில்லை. 2000ஆம் ஆண்டின் நகரத் திடக்கழிவு விதிகளில் அது ஓரிரு தொடர்களில் வந்துபோகிறது. அதற்கெனத் தனி விதி 2016 மார்ச்சில்தான் வந்தது. நாளொன்றுக்கு 20 டன்னோ, ஒரு திட்டத்துக்கு மாதம் 300 டன்னோ உண்டாக்குபவர் கழிவை நான்கு வகையாகப் பிரிக்கவேண்டும்: கான்கிரீட், மண், இரும்பு-மரம்-நெகிழி, செங்கல்லும் காரையும். பத்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட நகரங்கள் 18 மாதங்களில் ஆலை அமைக்கவேண்டும். அரசு ஒப்பந்தங்களில் 10 முதல் 20 விழுக்காடு வரை மறுசுழற்சிப் பொருளைப் பயன்படுத்தவேண்டும். அதே ஆண்டு திருத்தப்பட்ட இந்தியத் தரநிலை 383, மறுசுழற்சி ஜல்லியைச் சாதாரணக் கான்கிரீட்டில் 25 விழுக்காடு வரையும், எம்-25 தரம் வரையிலான கம்பியிட்ட கான்கிரீட்டில் 20 விழுக்காடு வரையும் அனுமதித்தது. தாளில் எல்லாம் பொருந்தியிருந்தன.

ஹைதராபாத்தில் ஜீடிமெட்லா ஆலை 2020 நவம்பரிலும் ஃபதுல்லாகூடா ஆலை 2022இலும் திறக்கப்பட்டன; ஒவ்வொன்றின் திறனும் நாளொன்றுக்கு 500 டன். பின்னர் ஷம்ஷாபாத் பக்கமும் தூம்குண்டா பக்கமும் ஆலைகள் சேர்ந்தன. இடிபாட்டை உடைத்து, சலித்து, கழுவி, மணலாகவும் ஜல்லியாகவும் பிரித்து, நடைபாதைக்கான பேவர் கற்களையும் செய்கிறார்கள். பிற நகரங்களோடு ஒப்பிட்டால் இது பெரிய முன்னேற்றம்தான். அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2020இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி இந்தியா முழுதும் மறுசுழற்சியாவது கட்டுமானக் கழிவில் ஏறத்தாழ ஒரு விழுக்காடே.

ஆனால் ஆலையின் வாயிலில் நிற்கும் இக்கட்டு இதுதான்: வெளியே வரும் ஜல்லி, தக்காணத்துக் கருங்கல்லோடு போட்டியிடவேண்டும். நகரைச் சுற்றிலும் குவாரிகள். புதுக் கருங்கல் ஜல்லியும் எம்-சாண்டும் தாராளம். நெதர்லாந்தில் கட்டுமானக் கழிவின் ஏறக்குறைய முழுமையும் மறுபயன்பாட்டுக்குப் போகிறது என்று நம் பாடநூல்கள் எடுத்துக்காட்டுகின்றன. அங்கே மறுசுழற்சிக்கு ஏற்ற கட்டுமானக் கழிவைக் கிடங்கில் கொட்டுவது 1997இலேயே தடைசெய்யப்பட்டது என்பதோடு, அந்நாட்டில் உடைக்கப் பாறையே அரிது என்பதையும் அவை சேர்த்துச் சொல்லவேண்டும். பாறையின் மீதே அமர்ந்த நகரத்தில் உடைந்த கான்கிரீட்டுக்குச் சந்தை தானாக உண்டாகாது. அதே உடைந்த கான்கிரீட்டுக்கு ஏரிப்படுகையில் மட்டும் ஆயத்தமான சந்தை இருக்கிறது. உள்ளே வரும் முனையிலும் ஆலை தோற்கிறது: ஒரு பக்கம் கட்டணமும் டீசலும் செலவாகும் தொலைதூர எடைமேடை, மறுபக்கம் அருகிலேயே கேள்வி கேட்காத ஒரு பள்ளம்.

இந்த இடத்தில் பதுகம்மாக் குட்டைக்கு ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். இழந்த பரப்பு 8 ஏக்கர் 31 குண்டா. சதுர மீட்டரில் ஏறத்தாழ 35,500. சராசரி நிரப்பு ஆழம் 3 மீட்டர் என்றும், முழுவதும் இடிபாட்டாலேயே நிரம்பியது என்றும் ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். கனஅளவு சுமார் 1,06,500 கனமீட்டர். தளர்வாகக் கொட்டிய இடிபாட்டின் எடை கனமீட்டருக்கு 1.5 டன் என்றால், சுமார் 1,60,000 டன். நாளொன்றுக்கு 500 டன் திறனுள்ள ஆலை ஓய்வின்றி 320 நாள் இயங்கினால் விழுங்கும் அளவு. நீராகப் பார்த்தால் பத்தரைக் கோடி லிட்டருக்கும் மேல். ஆழத்தை ஒரு மீட்டர் கூட்டியோ குறைத்தோ எண்களை மாற்றிக்கொள்ளலாம்; விகிதம் மாறாது. ஒரு சிறு குட்டையின் பாதிக்கும் மேற்பட்ட பகுதி, ஓர் ஆலையின் ஏறக்குறைய ஓராண்டு உழைப்புக்குச் சமமான ‘கிடங்குக் கொள்ளளவை’ நகரத்துக்கு இலவசமாக வழங்கியிருக்கக்கூடும். இத்தகைய குட்டைகள் நூற்றுக்கணக்கில் இருந்த நகரத்தில் ஆலைகள் ஏன் 2020 வரை தேவைப்படவில்லை என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் எனக்குத் தோன்றவில்லை.

சென்னை வாசகர்கள் இதைத் தொலைவில் நடக்கும் கதையாகப் படிக்கமாட்டார்கள் என நம்புகிறேன். 2022இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற பள்ளிக்கரணைச் சதுப்பிலேயே பெருங்குடிக் கிடங்கு அமைந்தது. நகரத்தின் கட்டுமானக் கழிவு ஆலைகளுள் ஒன்றும் பெருங்குடியிலேயே இருக்கிறது.

தெலங்கானா அரசின் நடத்தையில் உள்ள இரட்டைத்தன்மை தனியே ஆராயத்தக்கது. 2015இல் தொடங்கிய காகதிய இயக்கம் மாநிலத்தின் 46,000-க்கும் மேற்பட்ட ஏரிகளைத் தூர்வாரும் பெருந்திட்டம். வாரிய வண்டலை உழவர்கள் வயலுக்கு எடுத்துச்சென்றார்கள். காகதியர் காலத்துத் திசை மீண்டது. அதே ஆண்டுகளில் தலைநகரில் திசை எதிர்மாறாகவே இருந்தது. 2020 அக்டோபர் நடுவில் கட்கேசர்ப் பக்கம் 32 சென்டிமீட்டர் மழை பெய்தபோது ஏரிகள் மறுபடி உடைந்தன, காலனிகள் மூழ்கின. 2024 ஜூலையில் ‘ஹைட்ரா’ எனப்படும் பேரிடர் எதிர்வினை மற்றும் சொத்துப் பாதுகாப்பு முகமை அமைக்கப்பட்டது. ஏரிப்படுகையில் எழுந்த கட்டடங்களை அது இடிக்கத் தொடங்கியது. இடித்த முறை குறித்து அதே ஆண்டு செப்டம்பர் இறுதியில் உயர்நீதிமன்றம் அதைக் கடுமையாகக் கண்டித்தது. மூசிக்கரையின் குடியிருப்புகளில் வீட்டுச் சுவர்களில் குறியிட்டபோது எழுந்த அச்சமும் எதிர்ப்பும் நினைவிருக்கும். நிரப்பிய நிலத்தின் விலையைக் கடைசியில் கொடுப்பவர் அதில் ஒரு சிறு வீட்டைக் கடன்பட்டு வாங்கியவராகவே இருக்கிறார்; நிரப்பியவர் எப்போதோ விற்றுவிட்டுப் போய்விட்டார். ஏரியை மீட்க இடிக்கும் கட்டடமும் இடிபாடாகிறது என்பது வேறு. அதை எங்கே கொண்டுசெல்வது என்பதை இடிப்பதற்கு முன்னரே எழுத்தில் உறுதிசெய்யாத எந்த மீட்பும் ஒரு ஏரியின் சுமையை இன்னொன்றுக்கு மாற்றும் ஆபத்தைக் கொண்டது.

2025 ஏப்ரலில் ஒன்றிய அரசு கட்டுமான, இடிப்புக் கழிவுக்குப் புதிய விதிகளை அறிவித்தது. 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வருபவை. உற்பத்தியாளரின் விரிவாக்கப்பட்ட பொறுப்பு என்னும் கோட்பாடு இதில் நுழைகிறது: கட்டுபவரே தன் கழிவின் மறுசுழற்சிக்கு இலக்கு வைத்துக் கணக்குக் காட்டவேண்டும். நல்லதுதான். ஆனால் அது 20,000 சதுர மீட்டருக்கும் அதற்கு மேற்பட்ட கட்டுமானப் பரப்புள்ள திட்டங்களுக்குரியது. கோகாபேட்டின் கோபுரங்கள் அதில் அடங்கும். 300 சதுர கஜ மனையில் ஒரு பழைய வீட்டை இடித்து ஐந்து தளம் எழுப்பும் மேஸ்திரி அடங்கமாட்டார். அரசாணை 86-க்குப் பிந்தைய ஹைதராபாத் உள்நகரின் வளர்ச்சி பெரும்பாலும் அந்த மேஸ்திரியின் கைவேலை. அவருடைய இடிபாடு ஐந்தாறு லாரிச் சுமைகளாகப் பிரிந்து, இரவில், எடைமேடையைத் தொடாமல் நகர்கிறது. விதியின் வலைக்கண் அந்த மீனுக்குப் பெரிது. இடிப்பு அனுமதியோடு ஆலையின் எடைச்சீட்டையும், புதுக்கட்டடத்தின் குடியேறல் சான்றோடு அச்சீட்டின் சரிபார்ப்பையும் இணைத்தால் மட்டுமே அவர் கணக்குக்குள் வருவார். அதற்கு ஒன்றிய அரசின் விதி தேவையில்லை, மாநகராட்சியின் கட்டட அனுமதிப் பிரிவே போதும்.

இத்துறையில் ஆய்வு செய்ய விரும்பும் மாணவர்களுக்கு ஒரு சொல். கழிவு மேலாண்மைக் கோப்புகளில் மட்டும் தேடாதீர்கள். பஹாணிகளிலும் ஷிக்கம் பட்டாக்களிலும் கட்டட அனுமதிப் பதிவேடுகளிலும் தேடுங்கள். ஹைதராபாத் ஏரிகளைப் பற்றித் தொடர்ந்து எழுதிய சி. ராமச்சந்திரய்யாவின் கட்டுரைகள் நல்ல தொடக்கம்.

2025 செப்டம்பர் 26 இரவு மேலேயுள்ள தேக்கங்களிலிருந்து திறந்துவிடப்பட்ட நீரால் மூசி பெருகி, ஆற்றின் நடுத்திட்டில் கட்டப்பட்ட மகாத்மா காந்தி பேருந்து நிலையத்துக்குள் புகுந்தது. மழையால் தள்ளிவைக்கப்பட்டிருந்த பதுகம்மாக் குட்டையின் திறப்பு விழா செப்டம்பர் 28 அன்று, 1908 வெள்ளத்தின் அதே நாளில், நடந்தது. பெண்கள் தங்கேடுப் பூக்களால் அடுக்கிய பதுகம்மாக்களோடு அங்கே கூடினார்கள். தங்கேடு என்பது நம் ஆவாரம்பூ. மீட்கப்பட்ட நீர்ப்பரப்பு ஐந்து ஏக்கர்ச் சொச்சம். மீதிப் பரப்பில் வாழும் குடும்பங்களின் வீடுகளைத் தொடப்போவதில்லை என்று ஹைட்ரா முன்னரே உறுதியளித்திருந்தது.